பத்தாம் நம்பர்

நாலு மேட்ச், ஒரே ஒரு கோல்.
அதுவும் எதிராளி முழங்காலில் பட்டு
உள்ளே போனது.
இதைச் சொல்லும்போதெல்லாம் கிளமென்ட்
அத்தோ வண்டியின் தகரத்தில் தட்டுகிறார்
வக்கீல் மேசையைத் தட்டுவதுபோல.

கணேசபுரம் சுரங்கப்பாதையில்
மழைத்தண்ணி இன்னும் வடியாத வாரம்.
வாழைத்தண்டு சூப்பின் ஆவி
முஸ்தாக்கின் கண்ணாடியை மூடுகிறது.
மூடினாலும் பேசுகிறார்:
"கோல் அடிக்க ஆளில்லைன்னு சொல்லாதே.
அடிக்கிறவனுக்குப் பந்து குடுக்க ஆளில்லை."

எங்களில் யாரும் அந்தக் கல்லூரியில் படித்ததில்லை.
முஸ்தாக் பிரின்சிபால் அறையில் ஏசி மாட்டியிருக்கிறார்.
திருவேங்கடம் அங்கே எட்டு மாதம் ராத்திரி வாட்ச்மேன்.
நான் அவர்களுக்கு எதிராக ஆடியவள்,
பதினாலு வருஷம் முன்னால்,
பெண்கள் அணியில்,
முதுகில் பத்தாம் நம்பரோடு.
இருந்தாலும் நாலு பேர் வாயிலும்
"நம்ம டீம்"தான்.

நாலு அவித்த முட்டை, பின்வரிசை.
வினிகர் பாட்டில் கோலி.
புளித்தண்ணிக் கிண்ணம் மைய வட்டம்.
அதற்கு முன்னால் யார் என்பதுதான்
மூன்று வாரமாக முடியாத வழக்கு.
இப்போதைக்கு அந்த இடத்தில்
மிளகாய்த்தூள் டப்பா.

"ரெஜின். தூத்தூர்க்காரன். இடது கால் பார்த்தியா?"
"அறுபது நிமிஷம் வரைக்கும் பார்த்தேன்.
அப்புறம் இடுப்புல கை வச்சு நின்னான்."
"அந்த மணிப்பூர்ப் பையன் இபோம்சா?"
"அவனுக்குத் தமிழ் வராதே, எப்படிக் கூப்புடுவான்?"
"பந்துக்கு இன்னாடா பாஷை?"
"அப்ப சஞ்சீவன்.
நம்ம முல்லை நகர். பி.காம். முதல் வருஷம்."
"நம்ம ஏரியான்றதால சொல்றே."
"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

திருவேங்கடம் மட்டும் கோச்சின் பக்கம்.
நெட்டுக்கு அடி, ஓடிப் பிடி, அவ்வளவுதான் ஆட்டம் என்கிறார்.
அந்த ஆட்டத்தில்தான்
சென்டர் ஃபார்வர்டு
தொண்ணூறு நிமிஷமும் வானத்தைப் பார்த்தபடி
கழுத்து சுளுக்கிப் போனான்.

நான் என் பங்குக்குச் சொன்னேன்:
சஞ்சீவனுக்குக் கால் இருக்கிறது.
பந்து வருவதற்கு முன்னால்
தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கணும்,
அந்தப் பழக்கம் இல்லை.
வாங்கிய பிறகு தேடுகிறான்.
தேடி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது.
"அதெல்லாம் வந்துடும்மா" என்றார் கிளமென்ட்.
எனக்கு அது வர ஆறு வருஷம் ஆனது.
வந்த மாதத்தில் முட்டி போனது.
அதைச் சொல்லவில்லை.
முட்டையில் ஒன்றை எடுத்துத் தின்றேன்.
ரைட் பேக் இல்லாமல்
விவாதம் தொடர்ந்தது.

அப்போதுதான் சைக்கிள் நின்றது.
ஹேண்டிலில் சேற்று ஷூக்கள்,
லேஸால் முடிச்சிட்டுத் தொங்கின.
"ரெண்டு அத்தோ பார்சல்ணா,
ஒண்ணுல வெங்காயம் வேணாம்."
நேரில் பார்த்தால் இன்னும் சின்னப் பையன்.
யாருக்கும் தொண்டையில் குரல் இல்லை.
முஸ்தாக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்,
துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

இன்னாசி நூடுல்ஸைப் பிசையும் நேரத்தில்
பையன் தகரத்தைப் பார்த்தான்.
மூன்று முட்டை. வினிகர். கிண்ணம்.
எதுவும் கேட்கவில்லை.
டப்பாவை ஒற்றை விரலால்
கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான்,
கிண்ணத்துக்கும் முட்டைக்கும் நடுவே.
காலியான இடத்தில் நூறு ரூபாயை வைத்தான்.
பார்சலோடு போய்விட்டான்.

சைக்கிள் முனை திரும்பவில்லை,
கிளமென்ட் வெடித்தார்:
"பார்த்தியா! கீழ இறங்கி வாங்குறேன்றான்!"
"காசு வைக்க இடம் பண்ணான்யா."
"இடம் பண்றதுதான்யா பத்தாம் நம்பர் வேலையே!"
"ஏம்மா, நீ ஆடுனவ, நீ சொல்லு."

மூன்று வாரத்தில் முதல்முறையாக
என்னைக் கேட்டார்கள்.
நான் வாயைத் திறப்பதற்குள்
இன்னாசி டப்பாவை எடுத்து
யாரோ ஒருத்தர் சூப்பில் ரெண்டு தட்டு தட்டி
எங்கோ பார்த்தபடி
திரும்ப வைத்தார்.

ஆஃப்சைடில்.